மண்டகப்பட்டுக் குகையும் வாதாபிக்காரன் கிரகணமும்

செஞ்சிக்காரனாப் பொறந்தா ஒரு வேலை தானா வந்து சேரும். வெளியூர் நண்பர்கள் வந்தா கோட்டையைச் சுத்திக் காட்டணும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளோட சேர்த்து நம்ம கோட்டையையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டதுக்கப்புறம் இந்த வேலை இன்னும் கூடிப் போச்சு. ராஜகிரி ஏறி இறங்கி, கல்யாண மகால், களஞ்சியம் எல்லாம் பார்த்து முட்டி வலிக்க உட்கார்ந்ததும், "பக்கத்துல வேற என்ன இருக்கு?" என்பார்கள். நான் மண்டகப்பட்டுக்குக் கூட்டிப் போவேன். விழுப்புரம் போற சாலையில் ஏறக்குறைய பாதி வழி.

சின்னக் குகைதான். ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல ரெண்டு வாயிற்காவலர்கள். உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் காலி. தூணில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் எடுத்தான் என்கிறது. விசித்திரசித்தன் யாரு? நம்ம மகேந்திரவர்ம பல்லவன்தான். தமிழ்நாட்டுக் கற்கோயில் வரலாறே இங்கேருந்துதான் ஆரம்பிக்குதுன்னு பாடப்புத்தகம் சொல்லும்.

இதைச் சொல்லி முடிச்சதும் தவறாம வர்ற கேள்வி: "எந்த வருஷம் கட்டினது?"

"ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கம்" என்று சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கு. ஆனால் கல்வெட்டில் வருஷமே இல்லையே! ஆட்சியாண்டு இல்லை, சக வருடம் இல்லை, ஒண்ணுமே இல்லை. பின்னே எப்படித் தெரியும்? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கான பதில் செஞ்சியிலும் இல்லை, காஞ்சியிலும் இல்லை. மகேந்திரனின் ஜென்ம விரோதி இருந்த வாதாபியில் இருக்கு. அதிலும் பாதி, வானத்தில் நடந்த கிரகணங்களில் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பக்கத்து ராஜாக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். "எனக்கு யாண்டு ஏழாவது" என்பார்கள். எப்போதிலிருந்து ஏழாவது? அது அந்தக் காலத்து ஆளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. போதாக்குறைக்குச் சோழர்கள் ஒருத்தர் விட்டு ஒருத்தர் ராஜகேசரி, பரகேசரின்னு மாத்தி மாத்திப் பட்டம் வெச்சுக்கிட்டாங்க. "ராஜகேசரிக்கு யாண்டு இருபத்துநாலு"ன்னு மொட்டையா இருந்தா எந்த ராஜகேசரி? பல்லவர் கதையும் இதே ரகம்தான். வாதாபிச் சாளுக்கியர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. ஆட்சியாண்டோட பல சமயம் சக வருடத்தையும் போட்டாங்க. அதோட, தானம் கொடுத்த நாளில் கிரகணம் இருந்தா அதையும் எழுதி வெச்சாங்க.

கிரகணத்தை ஏன் எழுதணும்? வரலாற்று ஆர்வத்துல இல்லீங்க. கிரகண நேரத்தில் கொடுக்கும் தானத்துக்குப் புண்ணியம் பல மடங்குன்னு நம்பிக்கை. நிலம் எழுதிக் கொடுக்கணும்னு நினைக்கிற ராஜா அமாவாசைக் கிரகணத்துக்குக் காத்திருந்து, ஆற்றில் குளிச்சிட்டு, கையில் நீர் வார்த்துக் கொடுப்பார். செப்பேடு எழுதறவர் அதை மறக்காம எழுதுவார். புண்ணியம் அவங்களுக்குப் போச்சு. நாள் குறிப்பு மட்டும் நமக்கு மிச்சமாச்சு.

ஒரு ராஜா எப்போ பட்டத்துக்கு வந்தார்ங்கிறதைப் பிற்காலத்து ஆள் யார் வேணும்னாலும் மாத்தி எழுதலாம். ஆனா சந்திரன் எப்போ சூரியனை மறைச்சதுங்கிறதை மாத்த முடியாது. 1887-ல் ஆஸ்திரியாக்காரர் ஓப்போல்ட்சர், கி.மு. 1208 முதல் கி.பி. 2161 வரைக்குமான 8000 சூரிய கிரகணங்களையும் 5200 சந்திர கிரகணங்களையும் கணக்குப் போட்டு எழுதின புத்தகம் வெளிவந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. 1896-ல் சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர் ராபர்ட் சீவலும் சங்கர் பாலகிருஷ்ண தீட்சித்தும் சேர்ந்து இந்தியப் பஞ்சாங்கங்களைப் பத்தி எழுதின புத்தகத்தில், இந்தியாவில் தெரிந்த சூரிய கிரகணங்களுக்குன்னு தனி அட்டவணையே இருக்கு. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு கீல்ஹார்ன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் நம்ம சோழ, பாண்டியக் கல்வெட்டுத் தேதிகளை ஒவ்வொண்ணா உடைச்சார். அப்புறம் நம்மூர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னைச் சட்ட மேலவைத் தலைவரா இருந்தவர், ஆனா அவருக்கு நிஜமான காதல் பஞ்சாங்கத்து மேலதான். கி.பி. 700 முதல் 1799 வரை தினப்படிக் கணக்கு போட்டு 1922-ல் வால்யூம் வால்யூமா வெளியிட்டார். இன்னைக்கு மென்பொருளில் ரெண்டு விநாடி வேலை. இருந்தாலும் அந்த வால்யூம்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு மரியாதை தானா வரும்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். ரொம்ப எளிசு, பயப்படாதீங்க.

வாதாபியை நரசிம்மவர்மன் கொளுத்தின கதை கல்கியோட சிவகாமியின் சபதத்தால எல்லாருக்கும் தெரியும். புலிகேசி செத்தான், வாதாபி பல்லவர் கைக்குப் போச்சு. அப்புறம் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் நாட்டை மீட்டுப் பட்டத்துக்கு வந்தான். எப்போ? அவனோட தாளமஞ்சிச் செப்பேடு நெல்லூர்ப் பக்கம் கிடைச்சது. அதுல சக வருடம் கிடையாது. ஆறாவது ஆட்சியாண்டு, சிராவண மாதம், சூரிய கிரகணம், அவ்வளவுதான். அந்தக் காலகட்டத்தில் பொருந்துகிற கிரகணம் கி.பி. 660 ஜூலை 13. அந்த நாள் ஆறாவது வருஷத்துக்குள்ள விழணும்னா அவன் பட்டத்துக்கு வந்தது 654 ஜூலை நடுவுக்கும் 655 ஜூலை நடுவுக்கும் இடையில்.

இது சரிதானான்னு எப்படிப் பார்க்கறது? இன்னொரு செப்பேடு இருக்கு. கத்வால் செப்பேடு. இதுல கிரகணம் இல்லை, சக வருடம் 596 இருக்கு, இருபதாவது ஆட்சியாண்டு இருக்கு, வைகாசப் பௌர்ணமி, செவ்வாய்க்கிழமை இருக்கு. கணக்குப்படி கி.பி. 674 ஏப்ரல் 25. கிழமையும் செவ்வாய்தான், அச்சுப் பிசகாம வருது. (இந்தச் செப்பேட்டைக் கொடுத்தப்போ விக்கிரமாதித்தன் பாசறை போட்டிருந்த இடம் காவிரித் தென்கரையில் உரகபுரம். உறையூர்னு சொல்றாங்க. சோழ நாட்டுக்குள்ளயே வந்து உட்கார்ந்துட்டான்!) இந்த நாள் இருபதாவது வருஷத்துக்குள்ள விழணும்னா அவன் பட்டமேறினது 654 ஏப்ரல் கடைசிக்கும் 655 ஏப்ரல் கடைசிக்கும் நடுவில்.

ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. 654 ஜூலை நடுவிலிருந்து 655 ஏப்ரல் வரை ஒன்பது மாசம் மிச்சம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ரெண்டு சாட்சிகள் வேறவேற ஊர்லேருந்து வந்து ஒரே ஜன்னலைக் காட்டறாங்க. எனக்கு இதுல கிடைக்கிற சந்தோஷம் போர்க்கதைகளில்கூடக் கிடைக்காது.

ஆக வாதாபி எரிஞ்சது 655-க்கு முன்னாடி. புலிகேசியின் புகழ் பாடும் ஐஹொளெ கல்வெட்டு சக 556, அதாவது 634-35. அதுல அவன் உச்சத்தில் இருக்கான், பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள்ள ஒளிய வெச்சதாப் பெருமை அடிக்கிறான். ஆகவே வாதாபி விழுந்தது இதுக்கும் அப்புறம். பாதாமியில் ஒரு பாறையில் நரசிம்மவர்மனோட சிதைந்த கல்வெட்டு இருக்கு. அவனோட பதிமூன்றாவது ஆட்சியாண்டுன்னு படிச்சிருக்காங்க. வாதாபி விழுந்ததை 642-ஐ ஒட்டி வெச்சால் நரசிம்மன் பட்டமேறினது 630-ஐ ஒட்டி. அவன் அப்பா மகேந்திரன் அதுக்கு முன்னாடி. மண்டகப்பட்டுக் குகை, தளவானூர்க் குகை, சீயமங்கலம் எல்லாமே இந்தக் கயிற்றில்தான் தொங்குது. கயிற்றோட மேல் முடிச்சு வாதாபியில். அதுல ஒரு இழை 660-ஆம் வருஷத்துக் கிரகணம்.

எல்லாக் கிரகணமும் இப்படி ஒழுங்காப் பொருந்தாது. அப்பன் புலிகேசி விஷயத்திலேயே தகராறு.

அவனோட ஹைதராபாத் செப்பேடு சக 534 கழிந்த வருஷம், மூன்றாவது ஆட்சியாண்டு, பாத்ரபத அமாவாசை, சூரிய கிரகணம் என்கிறது. பட்டியலைத் திறந்து பார்த்தால் கி.பி. 612 ஆகஸ்ட் 2-ல் ஒரு கிரகணம். அடுத்த வருஷம், 613 ஜூலை 23-ல் இன்னொண்ணு! பன்னிரண்டு அமாவாசைக்கு 354 நாள்தான் என்பதால் அடுத்த வருஷத்துக் கிரகணம் பத்துப் பதினோரு நாள் முன்னால வந்து அதே மாசத்துக்குள்ளயே விழுந்துடுது. சக வருடக் கணக்குப்படி நேராப் போனா 612. சில அறிஞர்கள் 613-ஐ எடுத்துக்கறாங்க. முதலாவதுன்னா அவன் பட்டம் ஏறினது 609-10. இரண்டாவதுன்னா 610-11.

இது போதாதுன்னு மாருடூர்ச் செப்பேடு வேற. எட்டாவது ஆட்சியாண்டு, ஜ்யேஷ்ட அமாவாசை, சூரிய கிரகணம். இதுக்கு 616 மே 21 கிரகணத்தைச் சொல்றாங்க. கணக்குப் போட்டால் அவன் பட்டமேறினது 609 மே மாதத்துக்கு முன்னால் ஆயிடுது. முதல் செப்பேட்டுக்கு 612-ஐ எடுத்தாலும் இடையில் சில மாசம் இடிக்கும், 613-ஐ எடுத்தால் ஒரு வருஷத்துக்கும் மேல. மகன் விஷயத்தில் ஜன்னல்கள் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்தது மாதிரி இங்கே உட்காரலை. புலிகேசி சித்தப்பன் மங்களேசனோட சண்டை போட்டு ஆட்சியைப் பிடிச்சவன். உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில் "முதல் வருஷம்" எதுன்னு எழுதறவங்களே ஆளுக்கொரு மாதிரி எண்ணியிருக்கலாம்னு எனக்குத் தோணுது. பாடப்புத்தகங்களில் புலிகேசிக்கு 609-னும் 610-னும் மாறி மாறி இருக்கறதுக்கு இதுதான் காரணம், அச்சுப்பிழை இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. கல்வெட்டு "கிரகணம்" என்றால் அது கண்ணால் பார்த்த கிரகணம்தானா?

அவசியம் இல்லை. நம்ம ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணத்தை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்தவர்கள். இதுக்கு செஞ்சியிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே சாட்சி இருக்கு. 1825-ல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடிச்சார். அந்த மனுஷர் பேப்பர் பேனா எதுவும் இல்லாம, தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடு மாதிரி மனப்பாடமா வெச்சிருந்த எண்களை வெச்சு, அந்த வருஷம் மே 31-ஜூன் 1 ராத்திரி வர வேண்டிய சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் 4 நிமிஷம், நடு நேரத்தில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம். பின்னாளில் நியூகெபவர் என்ற அறிவியல் வரலாற்றாளர் இதைப் பார்த்து அசந்து போய்த் தனிக் கட்டுரையே எழுதினார்.

இந்தத் திறமை வரலாற்று ஆசிரியனுக்கு வரமா சாபமான்னு கேட்டால், ரெண்டும்தான். மேகம் மூடியிருந்தாலும், கிரகணம் நம்ம ஊரில் தெரியாட்டியும், பஞ்சாங்கம் சொல்லிட்டா தானம் நடந்திருக்கும். ஆகவே தேதி கண்டுபிடிக்கக் கல்வெட்டு உதவும். ஆனா "அன்னைக்கு இந்த ஊரில் கிரகணம் தெரிஞ்சுது"ன்னு அதை வெச்சுச் சத்தியம் பண்ண முடியாது. பூமி சுத்தற வேகம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. ஸ்டீபன்சனும் மாரிசனும் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு நாளோட நீளம் நூற்றாண்டுக்கு 1.8 மில்லி விநாடி கூடுது. கேட்கச் சிரிப்பா இருக்கும். ஆனா இது சேர்ந்து சேர்ந்து, புலிகேசி காலத்துக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல கடிகாரம் தள்ளி நிக்குது. ஒரு மணி நேரம்னா கிரகணம் தெரியற இடம் நம்ம அட்சரேகையில் சுமார் 1600 கிலோமீட்டர் நகர்ந்துடும். தேதி மாறாது, இடம் மாறும். இந்தத் தள்ளலை அளக்கத்தான் அவங்க பாபிலோன், சீனா, கிரேக்கம், அரபு நாட்டுக் குறிப்புகளைத் தேடித் தேடி எடுத்தாங்க. எல்லாம் பார்த்து எழுதினது.

இந்தத் துறைக்கே தாத்தா மாதிரி ஒரு கிரகணம் உண்டு. அசீரியாவில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு அதிகாரி பெயர் வெப்பாங்க. புர்-சகாலே என்பவர் பெயர் கொண்ட வருஷம், சீமானு மாதம், சூரியன் மறைந்தது என்று களிமண் பலகையில் ஒரு வரி. கி.மு. 763 ஜூன் 15. வரிசையா இருந்த அந்தப் பெயர்ப் பட்டியலில் இந்த ஒரு ஆணி இறங்கினதும் அசீரிய மன்னர்கள் எல்லாரும் அவங்கவங்க வருஷத்தில் போய் உட்கார்ந்துட்டாங்க. அங்கே பட்டியல் இருந்தது, ஒரு கிரகணம் போதும். நமக்குப் பட்டியல் இல்லை, ஒவ்வொரு ராஜாவுக்கும் தனித்தனியா ஆணி அடிக்கணும்.

சோழர்களுக்கு அப்படித்தான் அடிச்சாங்க. தக்கோலத்தில் ஒரு கல்வெட்டு. ராஜகேசரிக்கு யாண்டு 24, ஆனி மாதம், சூரிய கிரகணம். எந்த ராஜகேசரிங்கிற பழைய பிரச்சினை. முதலாம் ஆதித்தன் காலத்தில் தேடினால் கி.பி. 894 ஜூன் 7-ல் ஆனி அமாவாசையில் சூரிய கிரகணம் இருக்கு. ஆதித்தன் 871-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்தான் என்று புத்தகங்களில் இருப்பதற்கு ஆதாரம் இந்தக் கல்வெட்டு. சூரியன் மட்டுமில்லை, சந்திரனும் சாட்சி சொல்லும். திருவல்லம் கல்வெட்டில் ராஜராஜனின் ஏழாவது ஆண்டு, ஐப்பசி விஷு, பௌர்ணமி, ரேவதி, சந்திர கிரகணம் என்று நாலும் சேர்ந்து வருது. விஷுவும் கிரகணமும் ரேவதியும் ஒரே நாளில் கூடறது அபூர்வம். கீல்ஹார்ன் 991 செப்டம்பர் 26 என்று பிடிச்சார். ராஜராஜன் 985-ல் பட்டமேறினான் என்று நாம சதய விழாவில் மைக் பிடிச்சுப் பேசறோமே, அதுக்குப் பின்னால் இந்த மாதிரி வரிகள்தான் நிக்குது.

இதுல எனக்குப் பதறுகிற விஷயம் ஒண்ணு. இந்த வரிகள் கோயில் அதிஷ்டானத்தில், நம்ம முட்டி உயரத்துல இருக்கும். திருப்பணின்னு சொல்லி மணலை வீசிக் கல்லைச் "சுத்தம்" பண்றாங்க, இல்லேன்னா பெயிண்ட் அடிக்கிறாங்க, டைல்ஸ் ஒட்டறாங்க. மெய்க்கீர்த்தி போனாக்கூட இன்னொரு கோயில்ல கிடைச்சிடும், எல்லா ஊர்லயும் அதே பாட்டுதான். "யாண்டு 24, ஆனி, சூரிய கிரகணம்" என்கிற அரை வரி போச்சுன்னா போனதுதான்.

சில சமயம் கிரகணமே தேவையில்லாம போகும். திருக்கோயிலூர்ப் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் கிராமம்னே ஒரு ஊர். பராந்தகன் மகன் ராஜாதித்தனோட சேனாபதி, கேரளத்துக்காரர் வெள்ளங்குமரன், அங்கே கற்கோயில் எடுத்தார். பராந்தகனின் 36-ஆவது ஆண்டு, கலியுக வருஷம் 4044, அதோட கலி பிறந்து எத்தனையாவது நாள் என்பதும் இருக்கு: 14,77,037. சனிக்கிழமை, ரேவதி. கலியின் முதல் நாள் வெள்ளி. 14,77,037-ல் ஒண்ணைக் கழிச்சு ஏழால் வகுத்துப் பாருங்க, மீதி ஒண்ணு. வெள்ளிக்கு அடுத்தது சனி! கி.பி. 943 ஜனவரி 14. பராந்தகன் 907-ல் பட்டத்துக்கு வந்தான் என்பது இதோட கச்சிதமாப் பொருந்துது. இந்தக் கல்வெட்டை எழுத வெச்ச ஆள் யாரோ தெரியலை, கோயில் கட்டிக் கும்பிடணும்.

கிரகணம் கிடைச்சாப் போதும், எதுக்கு வேணும்னாலும் தேதி சொல்லிடலாம்னு கிளம்பினவங்களும் உண்டு. மகாபாரதத்தில் வர்ற கிரகணங்களை மென்பொருளில் போட்டுப் பாரதப் போர் கி.மு. 3067 என்கிறார் ஒருத்தர், கி.மு. 5561 என்கிறார் இன்னொருத்தர். ரெண்டுக்கும் நடுவில் ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம்! மென்பொருள் தப்பா சொல்லாது. ஐயாயிரம் வருஷத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் சூரிய கிரகணங்கள் நடக்குது, நமக்கு வேண்டியது எப்படியும் அதுல ஒண்ணு இருக்கும். மேலே சொன்ன செப்பேடுகளில் ராஜா யாருன்னு தெரியும், எத்தனையாவது வருஷம்னு தெரியும், சுமாரா எந்தக் காலம்னு எழுத்து வடிவமே சொல்லிடும். அம்பது வருஷத்துக்குள்ள தேடினோம். அந்த வேலி இல்லாத இடத்தில் கிரகணம் எந்தத் தோட்டத்திலும் மேயும்.

நண்பர்கள் அடுத்துக் கேட்கிறது, "அப்போ உங்க கோட்டையை முதல்ல கட்டினது எப்போ?"

ஆனந்தக் கோன், கி.பி. 1200-ஐ ஒட்டி என்பதுதான் வழக்கமான பதில். ஆடு மேய்க்கப் போன இடத்தில் புதையல் கிடைச்சு ராஜகிரியில் கோட்டை எடுத்தார் என்பது கதை. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நாராயணன் என்பவர் எழுதின கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் சொல்றது இது. 1943-ல் சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சி வரலாற்றை எழுதினப்போ இதைத்தான் எடுத்துக்கிட்டார். கதைக்கும் எழுதினவருக்கும் நடுவில் அறுநூறு வருஷம். கோனார் ராஜாக்கள் வரிசையே அந்த நூலை நம்பித்தான் நிக்குது. கூடவே ஒரு ஆட்சியாண்டு, ஒரு அமாவாசை, ஒரு கிரகணம் இருந்தால் சுவாமிக்கண்ணுப் பிள்ளை வால்யூமைத் திறந்து அரை மணி நேரத்தில் சொல்லிடலாம். அதனால நான் "1200-னு சொல்றாங்க" என்று மட்டும் சொல்லி, மண்டகப்பட்டுக்கு வண்டியை எடுப்பேன். ஆயிரத்து நானூறு வருஷத்துப் பழைய குகைக்கு, எதிரி புண்ணியத்தில், இதைவிட உறுதியா ஒரு தேதி சொல்ல முடியுது.